கணக்கு வராது என்று சொல்லும் குழந்தைக்கு

தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு நேர்மறை மனப்பான்மையின் நன்மையையும் எதிர்மறை மனப்பான்மையின் தீங்கையும் கற்பிக்க வேண்டும் என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. நன்னெறி வகுப்பு, மதிப்புக் கல்வி, வாழ்க்கைத் திறன் கல்வி எனப் பள்ளிக்குப் பள்ளி பெயர் மாறினாலும், இதற்கெனத் தனியே ஒரு பாடவேளையை ஒதுக்கும் பள்ளிகள் பெங்களூரு போன்ற பெருநகரங்களில் உண்டு. ஆனால் அந்தப் பாடவேளை சிரித்த முகமும் சுருங்கிய முகமும் வரைந்த இரண்டு அட்டைகளோடும், எப்போதும் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும் என்ற அறிவுரையோடும் முடிந்துவிடுமானால், குழந்தை அதிலிருந்து எடுத்துக்கொள்வது மிகக் குறைவு. சில வேளைகளில் தவறானதும்கூட.

முதலில் மனநிலையையும் மனப்பான்மையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மனநிலை காலையில் ஒன்றாகவும் மாலையில் வேறாகவும் இருக்கும். பசித்தால் மாறும், தூக்கம் குறைந்தால் மாறும், பக்கத்தில் அமர்ந்திருக்கும் தோழி பேசாவிட்டால் மாறும். மனப்பான்மை என்பதோ, தனக்கு நேர்ந்த ஒன்றைக் குழந்தை எப்படிப் பொருள்கொள்கிறது, அப்பொருளை வைத்துக்கொண்டு அடுத்து எதைச் செய்யத் துணிகிறது, எதிலிருந்து ஒதுங்குகிறது என்பதில் நாளடைவில் படிந்துவிடும் பழக்கம். ஆகவே அழுகின்ற குழந்தையை எதிர்மறையானது என்றும் சிரிக்கின்ற குழந்தையை நேர்மறையானது என்றும் வகைப்படுத்துவது பிழை. கோ-கோ ஆட்டத்தில் தோற்று அழுதுவிட்டு மறுநாளும் ஆட வரும் சிறுமியிடம் இருப்பதே இங்கு பேசப்படும் நேர்மறை மனப்பான்மை. தோற்றுவிடுவோம் என்று அஞ்சி ஆட்டத்துக்கே வராமல், கேட்டால் சிரித்து மழுப்பும் சிறுவனிடம்தான் ஆசிரியர் கவனிக்க வேண்டியது இருக்கிறது.

இந்தப் பழக்கம் எவ்வாறு உருவாகிறது என்பதற்கு அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனின் ஆய்வுகள் பயனுள்ள ஒரு விளக்கத்தைத் தருகின்றன. 1967இல் அவரும் ஸ்டீவன் மையரும் நடத்திய சோதனைகளில், எதைச் செய்தாலும் நிறுத்த முடியாத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்களில் பல, பின்னர் தப்பிக்க எளிய வழி இருந்தபோதும் முயலாமலேயே கிடந்தன. முயற்சிக்கும் விளைவுக்கும் தொடர்பில்லை என்று ஓர் உயிர் பட்டறிந்து கைவிட்டுவிடும் இந்நிலை, கற்றுக்கொண்ட கையறுநிலை எனப்பட்டது. மனிதரிடம் இதே நிலை தோன்றுவது, தனக்கு நேர்ந்த தோல்விக்கு ஒருவர் தமக்குள் சொல்லிக்கொள்ளும் காரணத்தைப் பெரிதும் பொறுத்தது என்று செலிக்மன் பின்னாளில் விளக்கி, 1995இல் குழந்தைகளைப் பற்றியே ஒரு நூலும் எழுதினார். சொல்லிக்கொள்ளும் காரணம் என்றென்றைக்கும் மாறாதது என்றும், வாழ்க்கை முழுவதையும் தழுவியது என்றும், தன் குறையே முழுக் காரணம் என்றும் அமையும்போது முயற்சி நின்றுவிடுகிறது. அது தற்காலிகமானது, ஓர் இடத்துக்கு மட்டும் உரியது, மாற்றக்கூடியது என்று அமையும்போது முயற்சி தொடர்கிறது.

மூன்றாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழித்தல் கற்கும் குழந்தையை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று விடை எழுதும் குழந்தைகள் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள். ஒன்றின் இடத்தில் 2இலிருந்து 7 போகாது என்பதால், பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழிக்க வேண்டும் என்று முன்பு கற்ற விதியை அங்கே பொருத்தி, 7இலிருந்து 2ஐக் கழித்து 5 என்று எழுதுகிறார்கள். விடை தவறு, ஆனால் அதற்குள் ஒரு தருக்கம் இருக்கிறது. பத்துக் கணக்குகளிலும் சிவப்பு மையால் பெருக்கல் குறி விழுந்த நோட்டைத் திரும்பப் பெறும் குழந்தை அந்தத் தருக்கத்தைக் காண்பதில்லை; குறிகளையே காண்கிறது. அப்போதுதான், எனக்குக் கணக்கு வராது என்ற வாக்கியம் பிறக்கிறது. மாறாதது, முழுமையைத் தழுவியது, தன் குறை என்ற மூன்று தன்மைகளும் அந்த ஒரே வாக்கியத்தில் அடங்கியிருக்கின்றன.

அப்படியெல்லாம் சொல்லக் கூடாது, உன்னால் முடியும் என்று நினை என்று ஆசிரியர் அன்போடு சொல்லலாம். குழந்தைக்கு அது ஆறுதலாக இருக்கும், உதவியாக இராது. ஏனெனில் அடுத்த கணக்கை எப்படிப் போடுவது என்பது அதற்கு இன்னும் தெரியவில்லை. பெருக்கல் குறி விழுந்த கணக்குகளில் ஒன்றைக் குழந்தையே வாய்விட்டுச் சொல்லிச் செய்யும்படி கேட்டு, தடுமாறும் இடத்தைக் கண்டு, பத்துக் குச்சிகள் கொண்ட கட்டு ஒன்றைப் பிரித்துக் காட்டினால், கடன் வாங்கும் இடம் மட்டும் இன்னும் பிடிபடவில்லை என்ற வேறொரு வாக்கியத்துக்குக் குழந்தை வந்து சேரும். இரண்டு வாக்கியங்களும் ஒரே தோல்வியைப் பற்றியவை. முதல் வாக்கியம் நோட்டை மூடச் செய்கிறது. இரண்டாவது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறது. மனப்பான்மையின் விளைவு என்று சிறு குழந்தைக்குக் கற்பிக்கத்தக்கது இந்த வேறுபாடுதான் என்பதும், அது தனியே ஒதுக்கிய பாடவேளையைவிடக் கணக்கு வகுப்பில்தான் நன்றாகக் கற்பிக்கப்படும் என்பதும் இக்கட்டுரை வலியுறுத்தும் கருத்து.

வயதைப் பற்றியும் எச்சரிக்கை வேண்டும். திறமை, முயற்சி ஆகிய இரண்டையும் வெவ்வேறாகப் பிரித்தறியும் ஆற்றல் குழந்தைகளுக்குப் படிப்படியாகவே வருகிறது என்று உளவியலாளர் ஜான் நிக்கல்ஸ் 1970களின் இறுதியில் காட்டினார். சிறு குழந்தைகளுக்குக் கடினமாக உழைப்பவரே கெட்டிக்காரர், கெட்டிக்காரரே கடினமாக உழைப்பவர். பதினொரு, பன்னிரண்டு வயதளவில்தான், திறமை குறைந்தவரே அதிகம் உழைக்க வேண்டியிருக்கிறது என்ற கசப்பான எண்ணம் தெளிவாக உருப்பெறுகிறது. இதனால் சின்னக் குழந்தைகள் தோல்வியால் துவள்வதில்லை என்று நினைத்துவிடலாகாது. கெயில் ஹேமனும் கேரல் டுவெக்கும் கேத்லீன் கெயினும் 1992இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாறு வயதுக் குழந்தைகள் சிலர், தாம் செய்த வேலையை ஆசிரியர் குறை கூறுவதாக அமைந்த கற்பனைச் சூழலில், தம்மைக் கெட்ட பிள்ளை என்றே கருதத் தலைப்பட்டனர். ஆறு வயதில் தப்பாக எழுதிய எழுத்து தப்பான நடத்தையாகிவிடுகிறது என்ற இந்தச் செய்தி, முதல் வகுப்பு ஆசிரியர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டியது.

பாராட்டும் இதே கவனத்தைக் கோருகிறது. கிளாடியா மியூலரும் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வுகளில், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் ஓரளவு எளிய புதிர்களைத் தீர்த்தபின், ஒரு பகுதியினர் அறிவுக்காகவும் இன்னொரு பகுதியினர் முயற்சிக்காகவும் பாராட்டப்பட்டனர். அதன்பின் கடினமான புதிர்கள் தரப்பட்டு எல்லாருமே தடுமாற வைக்கப்பட்டனர். மூன்றாவதாக மீண்டும் எளிய புதிர்கள் வந்தபோது, அறிவுக்காகப் பாராட்டப்பட்ட குழந்தைகள் முதல் முறையைவிடக் குறைவாகவும், முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் கூடுதலாகவும் தீர்த்தார்கள். தம் மதிப்பெண்ணை முகமறியாத வேறொரு குழந்தைக்கு எழுதித் தெரிவிக்கச் சொன்னபோது, அறிவுக்காகப் பாராட்டப்பட்டவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் அதைக் கூட்டி எழுதினார்கள் என்பது இன்னும் வேதனையானது. கெட்டிக்காரன் என்ற பெயரைக் காப்பாற்றப் பத்து வயதிலேயே பொய் தேவைப்படுகிறது. தமிழில் மக்கு என்பதும் கன்னடத்தில் தட்ட என்பதும் குழந்தையைக் காயப்படுத்தும் என்று பெரியவர்கள் ஒப்புக்கொள்வார்கள். கன்னடத்தில் ஜாண என்றும் தமிழில் புத்திசாலி என்றும் ஓயாமல் சொல்வதும் ஒரு சுமையாகலாம் என்பதை ஏற்கத் தயங்குவார்கள்.

ஆயினும் இவ்வாய்வுகளை மந்திரமாக்கிவிடக் கூடாது. டேவிட் யேகரும் பலரும் சேர்ந்து அமெரிக்காவில் ஏறத்தாழ 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவரிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட பெரிய சோதனையில், அறிவு வளரக்கூடியது என்று கற்பித்த குறுகிய பயிற்சி, பின்தங்கிய மாணவர்களின் சராசரித் தரப்புள்ளியை ஏறத்தாழ 0.1 அளவுக்கே உயர்த்தியது. பயன் உண்டு, சிறியது. ஜெர்மானிய உளவியலாளர் கப்ரியேல் எட்டிங்கனின் ஆய்வுகள் மேலும் ஒரு படி சென்று, இனிய எதிர்காலத்தைக் கற்பனையில் மட்டும் கண்டு மகிழ்வது முயற்சியைக் குறைக்கவும் கூடும் என்றும், விருப்பத்தையும் வழியில் உள்ள தடையையும் ஒருங்கே எண்ணிப் பார்ப்பதே செயலைத் தூண்டுகிறது என்றும் காட்டுகின்றன. தடையைப் பற்றிப் பேசும் குழந்தையை எதிர்மறையாகப் பேசுகிறது என்று அடக்கிவிட்டால், அது செய்ய வேண்டிய பாதி வேலையைத் தடுத்துவிட்டதாகவே பொருள்.

இங்கே ஒரு வகுப்பறை வழக்கத்தைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். சோறு நிரப்பிய இரண்டு கண்ணாடிக் குப்பிகளில் ஒன்றிடம் அன்பாகவும் மற்றொன்றிடம் வெறுப்பாகவும் நாள்தோறும் பேசினால், திட்டு வாங்கிய சோறு மட்டும் விரைவில் கெட்டுப்போகும் என்ற செயல்பாடு, ஜப்பானின் மசாரு எமோட்டோ பரப்பிய கருத்திலிருந்து கிளம்பி, இணையத்தின் வழியே வகுப்பறைகளுக்கும் வந்துவிட்டது. சோறு கெடுவது நுண்ணுயிரியால். குப்பி எவ்வளவு சுத்தமாக இருந்தது, ஈரம் எவ்வளவு, மூடியைத் திறந்த கை எது என்பவற்றைப் பொறுத்து இரண்டு குப்பிகள் வேறுபடுவதில் வியப்பில்லை. சொல்லின் வலிமையைக் காட்டும் நல்ல நோக்கத்தோடு பொய்யான ஒன்றைக் கற்பிப்பது, குழந்தையின் நம்பிக்கைக்கு இழைக்கும் தீங்கு. எச். நரசிம்மையா வாழ்ந்த ஊர் பெங்களூரு. பசவனகுடி நேஷனல் கல்லூரியின் அந்த இயற்பியல் பேராசிரியர் 1962இல் பெங்களூர் அறிவியல் மன்றத்தைத் தொடங்கி, 1976இல் பெங்களூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தபோது, அற்புதங்கள் எனச் சொல்லப்படுபவற்றை ஆராய ஒரு குழுவுக்கும் தலைமை ஏற்றவர். அவர் மரபில் வந்த ஆசிரியர் அதே செயல்பாட்டை இருபது குப்பிகளோடு, எது எதுவென்று பார்ப்பவருக்குத் தெரியாத முறையில் செய்யவைத்து, குழந்தைகளே எண்ணிப் பார்க்கட்டும் என்று விடலாம். எதிர்பார்த்தது நடக்காதபோது கருத்தை மாற்றிக்கொள்ளும் துணிவைவிடச் சிறந்த மனப்பான்மைப் பாடம் கிடைப்பது அரிது.

இன்னொன்று இன்னும் ஆழமானது. எதிர்மறை மனப்பான்மை எனப்படுவது பெரும்பாலும் குழந்தை தானே உண்டாக்கிக்கொண்டது அன்று, அதன்மேல் வைக்கப்பட்டது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகிய இரு பொருளியலாளர்கள் உத்தரப் பிரதேசத்தில் நடத்தி 2004இல் வெளியிட்ட சோதனையில், உயர் சாதியெனப்பட்ட 321 சிறுவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த 321 சிறுவர்களும் தாளில் வரைந்த சிக்கல்வழிப் புதிர்களைத் தீர்த்தனர். சாதி அறிவிக்கப்படாதபோது இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே செய்தனர். பெயரோடும் ஊரோடும் சாதியையும் சேர்த்து எல்லார் முன்பும் வாசித்தபோது, ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் தீர்த்த புதிர்களின் எண்ணிக்கை வெகுவாகச் சரிந்தது. புதிர் மாறவில்லை, சிறுவர்களும் மாறவில்லை. தாம் எப்படி மதிப்பிடப்படுவோம் என்ற எதிர்பார்ப்பு மாறியது. இத்தகைய குழந்தையிடம் நேர்மறையாகச் சிந்தி என்று சொல்வது, காயப்படுத்தியவரை விட்டுவிட்டுக் காயம்பட்டவரைத் திருத்துவதாகும். உடல்ரீதியான தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 17ஆம் பிரிவு தடைசெய்திருப்பது இந்தக் காரணத்தால்தான் மிகவும் பொருத்தமாகிறது.

பெங்களூருவில் இது மொழியின் வடிவிலும் வருகிறது. வீட்டில் தமிழோ தெலுங்கோ உருதுவோ ஒடியாவோ பேசும் குழந்தை கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ பாடம் கேட்கும்போது, முதல் சில மாதங்கள் வாய் திறக்காமல் இருப்பது இயல்பு. அந்த மௌனத்தை ஆர்வமின்மை என்று ஆசிரியர் எடுத்துக்கொண்டால், கேள்விகள் அக்குழந்தையைத் தாண்டிச் செல்லும். கேள்வி வராத குழந்தை தன்னிடம் விடை எதிர்பார்க்கப்படவில்லை என்பதை விரைவில் புரிந்துகொள்ளும். அல்சூரிலும் சிவாஜிநகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும், நேற்று கட்டட வேலைக்கு வந்தவரின் பிள்ளைகளுக்கும் இது பொதுவானது.

ஆகவே சொற்களைவிட வகுப்பறையின் அமைப்பு அதிகம் கற்பிக்கிறது. இதற்குக் கர்நாடகத்திலேயே நல்ல சான்று உண்டு. மைசூர் மாவட்டத்து ஹெக்கடதேவனகோட்டை வட்டத்தில் 1995இல் யுனிசெஃப் உதவியோடு தொடங்கிய நலி கலி என்னும் முறை, ஆந்திரத்தின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளைப் பார்த்துவந்த அரசுப் பள்ளி ஆசிரியர்களின் முயற்சியால் உருவாகி, 2009 அளவில் கன்னட வழி அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளுக்கு மாநிலம் முழுவதும் விரிந்தது. மகிழ்ந்து கற்பது என்பது அப்பெயரின் பொருள். ஒன்று முதல் மூன்று வரையான வகுப்புக் குழந்தைகள் சேர்ந்து அமர்கிறார்கள். பாடநூலின் பக்கங்களுக்குப் பதிலாகப் படம் பொறித்த அட்டைகள் இருக்கின்றன. சுவரில் தொங்கும் கற்றல் ஏணியில் தான் எந்தப் படியில் இருக்கிறது என்பதைக் குழந்தையே பார்த்து, அதற்குரிய அட்டையை எடுத்துக்கொள்கிறது. ஆசிரியரின் முழு உதவியோடு, பகுதி உதவியோடு, தோழர் உதவியோடு, தோழரின் பகுதி உதவியோடு, தனியாக என ஐந்து குழுக்களாக அமர்ந்து வேலை செய்கிறார்கள். பத்து நாள் காய்ச்சலில் கிடந்த குழந்தை திரும்பி வந்தால், விட்ட படியிலிருந்தே தொடங்கலாம்.

மனப்பான்மை என்ற சொல்லை ஒருமுறையும் உச்சரிக்காமல் இந்த ஏற்பாடு செய்யும் வேலையைக் கவனிக்க வேண்டும். முதல் மதிப்பெண், கடைசி மதிப்பெண் என்ற வரிசை இல்லாததால், தெரியாமை என்பது ஏணியில் ஓர் இடமாக மட்டும் இருக்கிறது. அந்த இடம் நாளை மாறும் என்பதைக் குழந்தை கண்ணாலேயே பார்க்கிறது. உதவி கேட்பது குழு அமைப்பிலேயே இடம்பெற்றிருப்பதால், அது வெட்கத்துக்குரியதாக இல்லை. இதே மூலத்திலிருந்து ஊக்கம் பெற்ற செயல்வழிக் கற்றல், 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி 2007 அளவில் தமிழ்நாடு முழுவதும் பரவியதைத் தமிழாசிரியர்கள் அறிவார்கள். அட்டைகள் தொலைவதும், ஒரே ஆசிரியர் ஐந்து குழுக்களையும் கவனிக்கத் திணறுவதும், படிகளை முடிப்பதே நோக்கமாகிவிடுவதும் இம்முறைகளுக்கு நேர்ந்த உண்மையான இடர்கள். அவற்றால் அடிப்படைக் கருத்தின் மதிப்புக் குறைவதில்லை.

இத்தகைய மாற்றத்தை எப்படி அளப்பது என்பதற்கும் ஒரு முன்மாதிரி உண்டு. பெங்களூருவில் 1999இல் தோன்றிய டிரீம் எ டிரீம் என்ற தொண்டு நிறுவனம், வறுமையில் வளரும் குழந்தைகளுக்குக் கால்பந்து, கலை ஆகியவற்றின் வழியே வாழ்க்கைத் திறன்களைக் கற்பித்துவந்தது. 2018 ஜூலையில் தில்லி அரசுப் பள்ளிகளில் மழலையர் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை, தேர்வு இல்லாத பாடமாகத் தொடங்கப்பட்ட மகிழ்ச்சிப் பாடத்திட்டத்தின் உருவாக்கத்திலும் பங்கேற்றது. அந்நிறுவனம் உளவியலாளர்களோடு சேர்ந்து உருவாக்கி, 2014இல் ஆய்விதழில் வெளியிட்ட அளவுகோலில் ஐந்தே கூறுகள்: பிறரோடு பழகுதல், இடர்களைக் கடந்து சிக்கல் தீர்த்தல், தானே முன்வருதல், பிணக்கைக் கையாளுதல், அறிவுறுத்தலைப் புரிந்து பின்பற்றுதல். உன் மனம் நேர்மறையாக இருக்கிறதா என்று குழந்தையிடம் கேட்காமல், அது செய்வதைப் பெரியவர் பார்த்துக் குறிக்கும்படி இது அமைந்திருப்பது சிறப்பு. எட்டு வயதுக் குழந்தை கேட்பவர் விரும்பும் விடையைச் சொல்லிவிடும். ஆனால் பந்தைத் தவறவிட்ட தோழனிடம் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதை மறைக்க இயலாது.

தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவர் தம் மரபிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். அல்சூர் ஏரிக்கரையில் 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சிலையால் பெங்களூரு நன்கறிந்த திருவள்ளுவர், ஊக்கமுடைமையை 60ஆம் அதிகாரமாக வைத்து, அடுத்தடுத்து மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை என மூன்றையும் தொடுத்திருக்கிறார். உள்ளத்தின் எழுச்சி, சோம்பலை விலக்கல், இடைவிடா முயற்சி, துன்பத்தில் கலங்காமை ஆகியவை ஒரே வரிசையில் நிற்கின்றன. ஊக்கத்தை முயற்சியிலிருந்து பிரித்து மனத்துக்குள் மட்டும் நிகழ்வதாக அவர் விட்டுவிடவில்லை. குறளை மனப்பாடம் செய்விப்பதோடு நிற்காமல், இந்த நான்கு அதிகாரங்களின் வரிசையையே ஒரு கதையாக நான்காம், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகளுக்குச் சொல்ல முடியும்.

பள்ளி மட்டும் எவ்வளவு செய்ய இயலும் என்பதற்கும் பெங்களூருவிலிருந்தே ஒரு விடை கிடைக்கிறது. ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ், அதாவது தேசிய மனநலம் மற்றும் நரம்பியல் அறிவியல் நிறுவனம், ஆசிரியர்களுக்கே பயிற்சி அளித்து அவர்கள் வழியாக வாழ்க்கைத் திறன்களைக் கற்பிக்கும் திட்டத்தைக் கர்நாடகத்தின் 4 மாவட்டங்களில் 261 உயர்நிலைப் பள்ளிகளில், ஏறத்தாழ 55,000 மாணவரிடையே நடைமுறைப்படுத்தியது. ஸ்ரீகலா பரத்தும் கே.வி. கிஷோர் குமாரும் 2010இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, திட்டத்தில் இருந்த மாணவர்கள், அதில் இல்லாதவர்களைவிடத் தன்மதிப்பிலும், இடரைச் சமாளிக்க முடியும் என்ற நம்பிக்கையிலும், ஆசிரியரோடும் பள்ளியோடும் இணங்கிப்போவதிலும் மேம்பட்டிருந்தார்கள். வீட்டிலும் தோழரோடும் இணங்கிப்போவதில் இரு சாராருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. அவர்கள் வளரிளம் பருவத்தினர். வீட்டையே உலகமாகக் கொண்ட ஏழு வயதுக் குழந்தையிடம் வீட்டின் பிடி இன்னும் வலுவாகவே இருக்கும் என்று கருதுவது தவறாகாது.

பெற்றோரைக் கூட்டத்துக்கு அழைத்து மனப்பான்மை பற்றி உரை நிகழ்த்துவது எளிது. ஆனால் பீன்யாவிலோ பொம்மனஹள்ளியிலோ ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் தாய்க்கு அரை நாள் கூலியை விட்டுவிட்டு வருவது எளிதன்று. அதைவிட, மதிப்பெண் தாளில் சுமார், முன்னேற்றம் தேவை என்று எழுதும் இடத்தில், குழந்தை இப்போது எதைச் செய்கிறது, அடுத்து எதைப் பழக வேண்டும் என்பதை இரண்டு வரிகளில் எழுதி அனுப்பலாம்: ஒத்தெழுத்து (கூட்டெழுத்து) இல்லாத கன்னடச் சொற்களைத் தானாகவே வாசிக்கிறாள், ஒத்தெழுத்து வரும்போது நின்றுவிடுகிறாள், இரவில் பத்து நிமிடம் பேருந்துப் பலகைகளையும் கடைப் பெயர்களையும் நினைவிலிருந்து எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு வரிகள் தமிழ் படிக்கும் வீட்டுக்குத் தமிழிலும், உருது படிக்கும் வீட்டுக்கு உருதுவிலும், படிக்கத் தெரியாத வீட்டுக்குக் கைப்பேசியில் ஆசிரியரின் குரலாகவும் போய்ச் சேர வேண்டும்.